மின் வண்டியும் மசகெண்ணெயும்

மாமல்லபுரத்திற்குச் சென்றவர் எவரும் அங்குள்ள பெரும்பாறையைக் காணாமல் திரும்பார். 'கண்ணனின் வெண்ணெய் உருண்டை' என்று மக்கள் வழங்கும் அப்பாறை ஏறக்குறைய 250 டன் எடையுள்ளது. இருபது அடி உயரமுள்ளது. வழுக்கும் சரிவொன்றின்மேல், இதோ உருண்டுவிடும் என்று காண்போர் அஞ்சும்படி அது நிற்கின்றது. ஆயினும், பல நூற்றாண்டுகளாக அது நிலை பெயரவில்லை. 1908-ஆம் ஆண்டில் சென்னை ஆளுநராயிருந்த ஆர்தர் லாலி ஏழு யானைகளைப் பூட்டி இழுக்கச் செய்தும் அஃது அசையவில்லை என்றொரு செய்தி வழங்குகின்றது. செய்தி எவ்வாறாயினும் ஆகுக. பாறையை அவ்விடத்தில் நிறுத்தி வைத்திருப்பவை இரண்டு. அதன் எடை, தான் அமர்ந்துள்ள அடிப்பரப்பைக் கடந்து சாயாமல் இருப்பது ஒன்று. அப்பரப்போடு அது கொண்டுள்ள உராய்வு மற்றொன்று.

உராய்வு இல்லாத உலகில் நாம் நடக்க இயலாது. எழுதுகோல் விரலில் நில்லாது. கட்டிய முடிச்சு அவிழ்ந்து போகும். பாறைக்கும் பாதத்திற்கும் துணை நிற்கும் அதே உராய்வு, சுழலும் அச்சினிடத்தில் பகையாகின்றது. அது வண்டியின் விசையை உண்ணுகின்றது, வெப்பத்தை எழுப்புகின்றது, இரும்பைத் துகள் துகளாக உதிர்க்கின்றது. உலகில் மனிதர் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, ஒன்றோடொன்று உராயும் பொருள்களுக்கிடையே அழிகின்றதென்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர்.

நம் முன்னோர் இப்பகையை நன்கு அறிந்திருந்தனர். மாமல்லபுரத்திற்கு வடக்கே கேளம்பாக்கமும் தெற்கே செய்யூரும் நெடுங்காலமாக உப்பு விளைந்த இடங்கள். உப்பு வண்டி ஓட்டிய உமணர், வழியில் அச்சு முறிந்தால் உதவும் பொருட்டு, வேறோர் அச்சினை வண்டியின் அடியிற் கட்டிச் செல்வர் என்பதை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றால் அறிகின்றோம். பிற்கால மாட்டு வண்டிக்காரர், வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயோடு குழைத்து, அம்மையை ஒரு மூங்கிற் குழாயில் அடைத்து வண்டியில் தொங்கவிட்டிருப்பர். இருசு கிறீச்சிடத் தொடங்கியவுடன் வண்டியை நிறுத்திக் கடையாணியைக் கழற்றி மை தடவுவர். விளக்கெண்ணெய் உலோகத்தைப் பற்றிக்கொண்டு விலகாது நிற்கும் தன்மையது. கரித்தூள் எண்ணெயை ஒழுகவிடாமல் பிடித்து வைக்கும். படிப்பறியாதவரும் கண்ட மருந்து இது. ஆனால், எண்ணெய் எவ்வாறு காக்கின்றது என்பதை 1883-ஆம் ஆண்டுவரை உலகில் எவரும் தெளிவாக அறிந்திலர்.

அவ்வாண்டில் இங்கிலாந்தில் பொசாம்ப் டவர் என்னும் பொறியாளர், புகைவண்டிப் பெட்டியின் அச்சும் அதன் மீது அமரும் பித்தளைத் தாங்கியும் உராய்வதை ஆய்ந்து கொண்டிருந்தார். அச்சின் கீழ்ப்பகுதி எண்ணெயில் தோய்ந்து சுழன்றது. மேலிருந்தும் எண்ணெய் ஊற்றிப் பார்க்கலாம் என்று கருதித் தாங்கியின் உச்சியில் ஒரு துளை இட்டார். அச்சுச் சுழலத் தொடங்கியதும், உள்ளே செல்ல வேண்டிய எண்ணெய் துளை வழியே வெளியே பொங்கிற்று! தக்கையால் அடைத்தார்; தக்கை பிதுங்கி வந்தது. மரமுளையால் அடைத்தார், அதுவும் வெளியே தள்ளப்பட்டது. அழுத்தம் அளக்கும் கருவியைப் பொருத்தினார். தாங்கியின்மேல் இருந்த சுமையோ சராசரியாகச் சதுர அங்குலத்திற்கு 100 ராத்தல். கருவி காட்டியதோ 200 ராத்தலுக்கு மேல்.

இதன் பொருள் யாது? அச்சும் தாங்கியும் ஒன்றையொன்று தொடவே இல்லை. சுழலும் அச்சு, தன்னோடு எண்ணெயைக் குறுகிய இடுக்கினுள் இழுத்துச் செல்கின்றது. குறுகக் குறுக எண்ணெயின் அழுத்தம் பெருகி, பெட்டியின் முழுச் சுமையையும் ஒரு மெல்லிய படலமே ஏந்தி நிற்கின்றது என்பதாம். மழை பெய்த சாலையில் விரைந்து செல்லும் வண்டியின் சக்கரம், நீரின் மேலேறித் தரையைத் தொடாது வழுக்குவதும் இதே முறையால் நிகழ்வதே. அங்கே உயிருக்கு இடையூறு செய்யும் படலம், இங்கே உலோகத்திற்குக் காவலாகின்றது. 1886-இல் ஆசுபார்ன் ரெய்னால்ட்சு என்னும் பேராசிரியர் இதற்குரிய கணக்கை வகுத்தார். ஒன்றை மட்டும் மாணவர் நினைவிற் கொள்ளல் வேண்டும்: அப்படலம் சுழற்சியால் உண்டாவது. சுழற்சி இல்லையேல் படலமும் இல்லை. வண்டி புறப்படும் நொடியிலும், ஊர்ந்து செல்லும்போதும் உலோகம் உலோகத்தைத் தொட்டே தீரும்.

இனி, மின் வண்டிகளுக்கு வருவோம். "மின் வண்டிக்கு எண்ணெய் வேண்டா" என்று பலர் கூறக் கேட்கின்றோம். இக்கூற்றில் பாதி உண்மை. பெட்ரோல் எஞ்சினில் உந்து தண்டுகள் மேலும் கீழும் ஓடுகின்றன; தடுக்கிதழ்கள் திறந்து மூடுகின்றன; எரிந்த கரி எண்ணெயிற் கலந்து அதனைக் கெடுக்கின்றது. ஆகவே, சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயை மாற்ற வேண்டியிருக்கின்றது. மின் மோட்டாரில் இவை ஒன்றும் இல்லை. சுழலும் தண்டு ஒன்று; அதனைத் தாங்கும் குண்டுத் தாங்கிகள் இரண்டு; தொழிலாளர் இவற்றைப் 'பேரிங்' என்பர். கார்களில், மோட்டாரின் வேகத்தைக் குறைத்துச் சக்கரத்திற்கு அளிக்கும் பற்சக்கரங்கள் ஒரு பெட்டிக்குள் இருக்கும். இவ்வளவே. உறுப்புகள் சில, ஆனால், அச்சிலவற்றின்மேல் விழும் பாடு பெரிது.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு காரின் சக்கரம் ஒருமுறை சுழன்றால் ஏறக்குறைய 2 மீட்டர் செல்லும் எனக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்திற்கு 1,000 மீட்டர் செல்கின்றது. எனவே சக்கரம் நிமிடத்திற்கு 500 முறை சுழலும். சக்கரம் ஒருமுறை சுழல, மோட்டார் பத்துமுறை சுழலுமாறு பற்சக்கரங்கள் அமைந்தால், மோட்டார் நிமிடத்திற்கு 5,000 முறை சுழல வேண்டும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அங்குப் போய்ச் சேர்வதற்குள் மோட்டாரின் தண்டு 1,50,000 முறை சுழன்றுவிடும்! விரைந்து செல்லும் கார்களில் மோட்டார் நிமிடத்திற்கு 16,000 சுற்றுக்கு மேலும் சுழல்வது உண்டு. பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலும் 6,000 சுற்றைக் கடப்பதில்லை.

வேகம் மட்டும் அன்று. மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே தன் முழு முறுக்கு விசையையும் தரவல்லது. வழிவிடு விளக்கு பச்சையானவுடன் மின் வண்டி பிறவற்றை முந்திப் பாய்வது அதனாலேயே. ஓட்டுவோர்க்கு அஃது இன்பம், பற்சக்கரத்திற்கோ துன்பம். எண்ணெய்ப் படலம் இன்னும் உருவாகாத அந்நொடியிலேயே பற்களின்மேல் முழு விசையும் விழுகின்றதன்றோ? தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் பெருஞ்சாலையில், நின்று நின்று புறப்படும் ஒரு வண்டிக்கு இத்துன்பம் நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை நேர்கின்றது.

இதற்கு எண்ணெய் செய்வோர் ஒரு மருந்து வைத்துள்ளனர். கந்தகம், பாசுவரம் ஆகியவை சேர்ந்த சில பொருள்களை எண்ணெயிற் கலப்பர். பற்கள் அழுந்தி வெப்பம் எழும் இடத்தில் அவை இரும்போடு கூடி ஒரு மெல்லிய பூச்சாகப் படியும். இரும்பு தேய்வதற்கு மாறாக அப்பூச்சுத் தேயும், மீண்டும் படியும். பெட்ரோல் வண்டியின் பற்சக்கரப் பெட்டியில் இம்மருந்து பல்லாண்டுகளாக நன்கு பயன்பட்டு வந்தது. ஆனால், இன்றைய மின் கார்கள் பலவற்றில் பற்சக்கரத்திற்கு இடும் எண்ணெயே மோட்டாரினுள்ளும் பாய்ந்து அதன் வெப்பத்தைத் தணிக்கின்றது. மோட்டாரின் சுருள்களோ செம்பினால் ஆனவை. கந்தகம் செம்பை அரிக்கும் என்பதை வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒருபுறம் காக்கும் மருந்து மறுபுறம் நஞ்சாகின்றது! மேலும், வெப்பத்தை விரைவில் ஏற்றுச்செல்ல எண்ணெய் நீர்த்திருத்தல் வேண்டும். பற்களைப் பிரித்து வைக்க அது தடித்திருத்தல் வேண்டும். தடித்த எண்ணெயைக் கடைவதிலோ மின்கலத்தின் ஆற்றல் வீணாகும். மின்சாரம் அதன் வழியே கசியவும் கூடாது. இத்தனை நிபந்தனைகளுக்கும் உட்பட்ட எண்ணெயைக் காண்பது எளிதன்று. பழைய பெட்டிக்குரிய எண்ணெயை மின் காரில் ஊற்றிவிடலாம் என்று எண்ணுவோர் இதனை அறிதல் நன்று.

இவையெல்லாம் தொலைவிலுள்ள நாடுகளின் சிக்கல்கள் அல்ல. செங்கல்பட்டுக்கு அருகில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள மகிந்திரா ஆய்வு நிலையம் 2012-இல் திறக்கப்பட்டது. 2024 நவம்பரில் சென்னையில் வெளியிடப்பட்ட பிஇ 6, எக்ஸ்இவி 9இ என்னும் மின் கார்கள் உருவானதில் அந்நிலையப் பொறியாளர்க்குப் பங்கு உண்டு. 2025 ஜூன் திங்களில் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 120 மின் பேருந்துகளை ஓட்டத் தொடங்கிற்று. மின் ஸ்கூட்டர்களோ கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கும் காணப்படுகின்றன.

ஆயின், நம் பகுதிக்கு மின் வண்டி புதிதும் அன்று. சென்னையில் 1895-இல் மின் டிராம் ஓடத் தொடங்கிற்று. 1953-இல் அது நின்றது. 1931-இல் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம்வரை மின் இரயில் வந்தது. 1960-களில் அம்மின்பாதை செங்கல்பட்டுக்கும் அப்பாலும் நீண்டது. இன்று செங்கல்பட்டு நிலையத்தின் மேடையில் நின்று, மின் இரயிலின் சக்கரங்களுக்கிடையே குனிந்து நோக்கினால், மோட்டார் சக்கர அச்சினை ஒட்டியே அமைந்திருப்பதைக் காணலாம். மோட்டார்த் தண்டின் முனையிலுள்ள சிறு பற்சக்கரம் அச்சிலுள்ள பெரும் பற்சக்கரத்தைச் சுழற்றுகின்றது. இரண்டும் இரும்புப் பெட்டியொன்றில் மசகிடையே சுழல்கின்றன. கார் பொறியாளர் இன்று கையாளும் அமைப்பின் மூத்த உடன்பிறப்பு இது.

அந்த இரயிலில் கவனிக்கத்தக்க வேறொன்றும் உண்டு. மேலே செல்லும் கம்பியிலிருந்து 25,000 வோல்ட் அழுத்தத்தில் வரும் மின்சாரம், பணி முடிந்தபின் சக்கரங்களின் வழியே தண்டவாளத்தை அடைந்து திரும்புகின்றது. அச்சு சுழல்வது, பெட்டியின் சட்டம் சுழலாதது. இரண்டிற்கும் இடையே உள்ள இயல்பான வழி குண்டுத் தாங்கிதான். அதன் வழியே மின்சாரம் பாய்ந்தால் என்னாகும்? குண்டுக்கும் வளையத்திற்கும் இடையேயுள்ள எண்ணெய்ப் படலம் ஒரு மைக்ரான் தடிப்புங்கூட இல்லாதது. அதாவது, நம் தலைமயிரின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கினும் குறைவு. மின்சாரம் அதனைத் தாண்டும்போது பொறி எழும். சிறு மின்னல் என்றே சொல்லலாம். ஒவ்வொரு பொறியும் எஃகை ஒரு புள்ளியளவு உருக்கிக் குழி செய்யும். ஆகவே, இரயில்வே பொறியாளர் அச்சின்மேல் உராய்ந்து நிற்குமாறு கரியாலான தூரிகைகளைப் பொருத்தி, மின்சாரத்திற்கு வேறு வழி அமைத்துக் கொடுத்தனர். தாங்கி தப்பிற்று.

மின் காரில் தண்டவாளம் இல்லை; ஆகவே இத்தொல்லையும் இராது என்று தோன்றும். ஆனால், அங்கே அது வேறு வழியாக வருகின்றது. மின்கலம் தருவது நேர் மின்னோட்டம். மோட்டாருக்கு வேண்டுவது மாறு மின்னோட்டம். இன்வெர்ட்டர் என்னும் கருவி, மின்கலத்தின் ஓட்டத்தை நொடிக்கு ஏறக்குறைய பத்தாயிரம் முறை வெட்டி வெட்டி இணைத்து மாறு மின்னோட்டமாக்குகின்றது. இவ்வெட்டுகளின் விளைவாகச் சுழலும் தண்டிலே சிறிது மின்னழுத்தம் தேங்குகின்றது. கம்பி வழியே அன்று. ஒன்றையொன்று தொடாத உலோகப் பரப்புகளுக்கிடையே மின்னூட்டம் தேங்கும் முறையால். சில வோல்ட்டுகளே ஆயினும், அம்மெல்லிய படலத்தை உடைக்க அவை போதும். பொறி எழுகின்றது, மீண்டும் தேங்குகின்றது, மீண்டும் பொறி. தொடக்கத்தில் குண்டு ஓடும் தடம் பனி படர்ந்த கண்ணாடிபோல் மங்கும். நாளடைவில் அத்தடத்தில், தகரக் கூரையின் அலைகளைப்போல் வரிவரியாகப் பள்ளங்கள் விழும். கிரீஸ் கருகி உலரும். மோட்டார் ஊளையிடத் தொடங்கும். பெட்ரோல் எஞ்சினின் இரைச்சலில் இத்தகைய ஒலி மறைந்துபோகும். மின் வண்டியின் அமைதியிலோ அது தெளிவாகக் கேட்கும். அவ்வகையில் அமைதியும் ஒரு மருத்துவன்.

செங்கல்பட்டு நிலையத்திற்கு வெளியே மின் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தாங்கி ஒன்றின் விலை பெரிதன்று. ஆனால், அதனை மாற்ற மோட்டாரையே பிரிக்க வேண்டியிருந்தால் வண்டி பல நாள் நிற்கும்; நின்ற நாளுக்குக் கூலி இல்லை. ஆதலின், அது முறியாமற் காப்பதே பொறியாளரின் கடமை. அதற்கு இன்று வழிகள் சில உள்ளன. எஃகுக் குண்டுகளுக்கு மாறாக மின்சாரம் கடத்தாத பீங்கான் வகைக் குண்டுகளை இடலாம், சிலிக்கன் நைட்ரைடு என்னும் அப்பொருள் எஃகினும் கடியது, எடையும் குறைந்தது, விலைதான் மிகுதி. தாங்கியின் வெளிவளையத்தில் மின்காப்புப் பூச்சிடலாம். ஆனால், ஒரு தாங்கியை அடைத்தால் மின்சாரம் மற்றொன்றையோ பற்சக்கரத்தையோ தேடிச் செல்லக் கூடும். இரயிலிற்போல், தண்டின்மேல் தூரிகை ஒன்றையோ நுண்ணிய கரியிழை வளையத்தையோ பொருத்தி, மின்னூட்டத்தை உடனுக்குடன் வடித்து விடலாம். என் கருத்தில் இப்பழைய வழியே எளியது. தூரிகை தேயும் என்பது உண்மையே. ஆனால், தாங்கியை மாற்றுவதைவிடத் தூரிகையை மாற்றுவது மலிவு.

கடற்கரைக்கே உரிய தொல்லைகள் சிலவும் உண்டு. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் சிற்பங்களைக் கண்டவர், உப்புக் காற்றின் ஆற்றலை அறிவர். கருங்கல்லையே மழுங்கச் செய்த காற்று இரும்பை விடுமா? மின் வண்டியில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வண்டியின் இயக்கத்தை மின்சாரமாக்கி மின்கலத்திற்குத் திருப்பித் தருகின்றது. அதனால், தட்டுத் தடைகளுக்கு வேலை குறைகின்றது. அவை தேயாமல் நெடுநாள் உழைக்கின்றன. நன்மைதானே எனலாம். ஆனால், உராயாத இரும்புத் தட்டு உப்புக் காற்றில் துருவேறுகின்றது. நெடுநாள் தேவைப்படாதிருந்த தடை, திடீரென ஒரு மாடு குறுக்கே வரும்போது முழு ஆற்றலோடு பிடித்தல் வேண்டும். துருவேறிய தட்டு அதற்கு உதவாது. ஆகவே, இடையிடையே சாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் தடையை நன்கு அழுத்தித் தட்டைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்று வல்லுநர் கூறுவர். வோக்ஸ்வாகன் நிறுவனத்தார் தம் ஐடி.3, ஐடி.4 என்னும் மின் கார்களின் பின்சக்கரங்களுக்குப் பழைய முறைப்படி மூடிய உருளைத் தடைகளையே அமைத்தனர். தேய்மானம் குறைவால் துரு மிகுந்த இடத்தில், மூடிவைத்தலே தக்கதெனக் கண்டனர் போலும்.

எஞ்சியிருப்பது வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போது சென்னை, செங்கல்பட்டு மாவட்டங்களின் தெருக்கள் பல நீரில் மூழ்கின. மின்கலத்தினுள் நீர் புகுமோ என்றே எல்லாரும் அஞ்சுகின்றனர். பற்சக்கரப் பெட்டியை நினைப்பவர் சிலரே. ஓடிக் களைத்துச் சூடேறிய பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்றுச் சட்டெனச் சுருங்கும். சுருங்கிய காற்று, மூச்சுத் துளையின் வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல்களின் வழியாகவும் வெளியிலுள்ள நீரை உள்ளே உறிஞ்சும். சேற்று நீர் கலந்த எண்ணெயில் படலம் நில்லாது. குண்டுகளில் துரு பிடிக்கும். இதனைக் கண்டறிய நுண்கருவி வேண்டா. வெள்ளத்தில் இறங்கி வந்த வண்டியின் பெட்டியிலிருந்து சிறிது எண்ணெயை ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்துப் பார்த்தாலே போதும். தெளிவாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கருத்து உலோகத் துகள் மின்னினால் பற்களோ தாங்கியோ தேய்கின்றது என்க. பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது. வண்டியை மேலும் ஓட்டாமல், அவ்வெண்ணெய் முழுவதையும் அன்றே வடித்துவிட்டு, அவ்வண்டிக்கெனக் குறித்த எண்ணெயையே மீண்டும் நிரப்புதல் வேண்டும்.